டென்மார்க் உள்ளே, ஃபாரோ வெளியே: வணிகக் கூட்டமைப்புகளில் தன்னாட்சிப் பகுதிகளின் இடம்

கேள்வி இதுதான்: டென்மார்க் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. ஃபாரோ தீவுகள் டென்மார்க் முடியாட்சியின் ஒரு பகுதி. அப்புறம் எப்படி ஃபாரோ மட்டும் ஒன்றியத்துக்கு வெளியே நின்று தனியாக வணிக ஒப்பந்தம் போடுகிறது? தன்னாட்சிப் பகுதி என்பதற்குச் சர்வதேச வணிகச் சட்டத்தில் தனி அந்தஸ்து இருக்கிறதா?

முதலில் நேரடியான பதில். அப்படி ஒரு வகை சட்டத்தில் கிடையாது. எந்த வணிகக் கூட்டமைப்பின் உடன்படிக்கையிலும் ‘தன்னாட்சிப் பகுதிகளின் உரிமைகள்’ என்று ஒரு அத்தியாயத்தைத் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு பகுதியின் நிலையும் இரண்டு காகிதங்களைச் சேர்த்துப் படித்தால்தான் தெரியும். ஒன்று, சொந்த நாடு அந்தப் பகுதிக்கு எவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது என்று சொல்லும் உள்நாட்டுச் சட்டம். மற்றொன்று, அந்தக் கூட்டமைப்பில் யார் சேரலாம் என்று சொல்லும் விதி. அந்த விதியில் ‘நாடு’ என்று எழுதியிருக்கிறதா, ‘சுங்கப் பிரதேசம்’ (தனக்கென்று சுங்க விதிகள் வைத்திருக்கும் பகுதி) என்று எழுதியிருக்கிறதா என்பதில் பல ஆயிரம் பேரின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. ஃபாரோவை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும்.

வட அட்லாண்டிக்கில் 18 தீவுகள், சுமார் 54,000 பேர். 1948இல் உள்நாட்டு ஆட்சிச் சட்டம் வந்தது. வரி, மீன்வளம், சுங்கம் எல்லாம் தலைநகர் டோர்ஷவ்னில் இருக்கும் அரசின் கையில். 1973 ஜனவரி 1 அன்று டென்மார்க் இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபோது, ஃபாரோ சேருவதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்று இடம் விட்டு வைத்தார்கள். 1974இல் ஃபாரோ நாடாளுமன்றம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. காரணம் மீன். சமூகத்தில் சேர்ந்தால் தங்கள் கடலில் யார் எவ்வளவு பிடிப்பது என்பதை பிரஸ்ஸல்ஸ் முடிவு செய்யும். சரக்கு ஏற்றுமதியில் ஏறக்குறைய எல்லாமே மீனாக இருக்கும் ஊருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இன்று ஒன்றியத்தின் செயல்பாட்டு உடன்படிக்கையில் 355ஆவது பிரிவு, ‘இந்த உடன்படிக்கைகள் ஃபாரோ தீவுகளுக்குப் பொருந்தா’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. இது மனிதர்கள் வரைக்கும் போகிறது. ஃபாரோவில் குடியிருக்கும் டேனிஷ் குடிமக்களை ஒன்றியச் சட்டத்தின்படி உறுப்பு நாட்டுக் குடிமக்களாகக் கணக்கில் எடுப்பதில்லை என்று 1972ஆம் ஆண்டின் சேர்க்கை ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஃபாரோவாசிகளுக்கான டேனிஷ் பாஸ்போர்ட்டின் பச்சை அட்டையில் ‘ஐரோப்பிய ஒன்றியம்’ என்ற சொல் இருக்காது. அதே ஆள் கோபன்ஹேகனுக்குக் குடிபெயர்ந்தால் ஒன்றியக் குடிமகன் ஆகிவிடுவார். குடியுரிமை மாறவில்லை, வீட்டு முகவரிதான் மாறியது.

சரி, வெளியே இருப்பவர்கள் எப்படி ஒப்பந்தம் போடுகிறார்கள்? 2005இல் டென்மார்க் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஃபாரோ அரசின் கையில் முழுமையாக இருக்கும் துறைகளில், அந்த அரசே வெளிநாடுகளோடு பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்றது அந்தச் சட்டம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தரப்பின் பெயர் ‘ஃபாரோ தீவுகள்’ என்று மட்டும் இருக்காது. ‘ஃபாரோ தீவுகளைப் பொறுத்தவரை டென்மார்க் முடியாட்சி’ என்ற நீளமான பெயர்தான் சட்டப்படியான தரப்பு. பேசுவது டோர்ஷவ்ன், கையெழுத்து டோர்ஷவ்ன், நடைமுறைப்படுத்துவதும் டோர்ஷவ்ன். சர்வதேசச் சட்டத்தின் முன் கட்டுப்படுவது மட்டும் முடியாட்சி.

இந்த ஏற்பாட்டில் நடந்த காரியங்கள் சின்னவை அல்ல. ஒன்றியத்தோடு 1997 முதல் நடைமுறையில் இருக்கும் தடையற்ற வணிக ஒப்பந்தம் இந்தச் சட்டத்துக்கும் முந்தையது. ஐஸ்லாந்தோடு 2005இல் கையெழுத்தாகி 2006 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஹொய்விக் ஒப்பந்தம் சரக்கோடு நிற்கவில்லை. சேவை, மூலதனம், ஆட்கள் போய்வருவது வரை இரண்டு நிலப்பரப்பையும் ஏறத்தாழ ஒரே சந்தையாக்கியது. துருக்கியோடு ஒரு ஒப்பந்தம் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே, 2019 ஜனவரியில், ஃபாரோ அதனோடு தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டது.

வெளியே இருப்பதன் சட்ட விளைவு எவ்வளவு கூர்மையாக வரும் என்பதற்கு 2014 நல்ல சாட்சி. அந்த ஆகஸ்டில் ரஷ்யா ஒன்றியத்தின் உணவுப் பொருட்களுக்கும் நார்வேயின் மீனுக்கும் தடை போட்டது. ஃபாரோ அந்தப் பட்டியலில் இல்லை. நார்வே சால்மன் விட்ட இடத்தை ஃபாரோ சால்மன் பிடித்தது. ஒரே முடியாட்சியின் ஒரு பகுதிக்குத் தடை, இன்னொரு பகுதிக்கு நல்ல விற்பனை.

இனி ஹெர்ரிங் மீன் தகராறு. இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹெர்ரிங் நம் ஊர் மத்திக்குத் தூரத்துச் சொந்தம். வட அட்லாண்டிக்கில் ஒரு பெரிய ஹெர்ரிங் கூட்டத்தை ஒன்றியம், நார்வே, ஐஸ்லாந்து, ரஷ்யா, ஃபாரோ ஆகிய ஐவரும் பங்கு போட்டுப் பிடித்து வந்தார்கள். ஃபாரோவின் பங்கு 5.16 விழுக்காடு. மீன் இப்போது எங்கள் கடலில் முன்பைவிட அதிகமாகத் தங்குகிறது, பங்கைத் திருத்துங்கள் என்று ஃபாரோ கேட்டது. பேச்சு முறிந்தது. 2013க்கு ஃபாரோ தானாகவே 1,05,230 டன் என்று அறிவித்தது. அது மொத்தப் பிடிப்பில் 17 விழுக்காடு, பழைய பங்கைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

ஒன்றியம் அந்த ஆகஸ்டிலேயே பதிலடி கொடுத்தது. ஃபாரோவின் கட்டுப்பாட்டில் பிடித்த ஹெர்ரிங், கானாங்கெளுத்தி இரண்டையும் இறக்குமதி செய்யத் தடை. அந்த மீனைப் பிடிக்கும், ஏற்றிச்செல்லும் படகுகள் ஒன்றியத் துறைமுகங்களுக்குள் வரவும் தடை. ஒன்றியத் துறைமுகம் என்றால் டென்மார்க் துறைமுகமும்தான். ஸ்காகன், ஹிர்ட்ஷால்ஸ் என்று டென்மார்க்கின் வடமுனையில் இருக்கும் மீன்பிடித் துறைமுகங்கள், அதே முடியாட்சியின் குடிகள் ஓட்டிவரும் ஹெர்ரிங் படகுக்கு மூடிக்கொள்ள வேண்டும். ஒன்றிய உறுப்பினர் என்ற முறையில் டென்மார்க் அந்தத் தடையை நடைமுறைப்படுத்தியே ஆக வேண்டும்.

ஃபாரோ வழக்குக்குப் போனது. கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் ஒரு நடுவர் தீர்ப்பாயம் கேட்டது. 2013 நவம்பர் 4 அன்று உலக வணிக அமைப்பிலும் ஒன்றியத்துக்கு எதிராக முறையீடு பதிவானது. அங்கே இது 469ஆவது தகராறு. முறையீட்டாளர் பெயர்: ‘டென்மார்க், ஃபாரோ தீவுகளைப் பொறுத்தவரை’. அதாவது ஒன்றியத்தின் உறுப்பு நாடே ஒன்றியத்தின் மீது வழக்குப் போட்ட மாதிரி காகிதத்தில் தெரிகிறது.

இது எப்படிச் சாத்தியம்? உறுப்பு நாடுகள் ஒன்றியச் சட்டம் சம்பந்தப்பட்ட தகராறுகளை வெளி மன்றங்களுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று உடன்படிக்கையில் விதி இருக்கிறது. அயர்லாந்து 2001இல் பிரிட்டனுக்கு எதிராக ஒரு அணுஎரிபொருள் ஆலை விஷயத்தில் வெளித் தீர்ப்பாயத்துக்குப் போனதற்கு, ஒன்றிய நீதிமன்றத்திடம் 2006இல் கண்டனம் வாங்கியது. டென்மார்க் தன் பொருட்டு இப்படி வழக்குப் போட்டிருந்தால் அதே சிக்கல் வந்திருக்கும். ஆனால் உடன்படிக்கைகள் ஃபாரோவுக்குப் பொருந்தா என்று 355ஆவது பிரிவே சொல்லிவிட்டது. ‘பொறுத்தவரை’ என்ற அந்த ஒற்றைச் சொல், டென்மார்க்கின் ஒரு காலை ஒன்றியத்துக்குள்ளும் இன்னொரு காலை வெளியேயும் வைக்க உதவியது. சர்வதேசச் சட்டத்தில் ஒரு இடைச்சொல் இவ்வளவு பாரம் சுமப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

2014 பிப்ரவரியில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தீர்ப்புவரை போகவில்லை. ஜூனில் சமாதானம் பேசினார்கள், ஆகஸ்டில் ஒன்றியம் தடையை விலக்கிக்கொண்டது. அதனால் சட்டக் கேள்விகளுக்கு விடை கிடைக்காமலே போய்விட்டது. ஆனாலும், தன் பெயரில் உறுப்பினராக இல்லாத ஒரு பகுதி தாய்நாட்டின் பெயரை முன்வைத்து, அந்தத் தாய்நாடே அங்கம் வகிக்கும் கூட்டமைப்பை எதிர்க்க முடியும் என்பது நடைமுறையில் நிரூபணமானது. அதற்கு கோபன்ஹேகனின் ஒத்துழைப்பு வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. டென்மார்க் பெயரைத் தராமல் இருந்திருந்தால், ஃபாரோவுக்கு அந்த மன்றத்தில் ஏறவே வழி இல்லை.

இங்கேதான் இரண்டாவது காகிதம் வருகிறது. உலக வணிக அமைப்பின் ஒப்பந்தத்தில் 12ஆவது பிரிவைப் பாருங்கள்: ‘எந்த நாடும், அல்லது வெளி வணிக உறவுகளை நடத்துவதில் முழுத் தன்னாட்சி உள்ள தனிச் சுங்கப் பிரதேசமும்’ சேரலாம். நாடாக இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஹாங்காங் இப்படித்தான் இருக்கிறது. 1986இல், அது பிரிட்டனின் கையில் இருந்தபோதே, பிரிட்டன் கொடுத்த அறிவிப்பின் பேரில் உலக வணிக அமைப்புக்கு முன்னோடியான பழைய காட் ஒப்பந்தத்தில் தனி உறுப்பினரானது. 1995இல் உலக வணிக அமைப்பின் தொடக்க உறுப்பினர். 1997இல் சீனாவிடம் போன பிறகும் ‘ஹாங்காங், சீனா’ என்ற பெயரில் அதே நாற்காலியில் தொடர்கிறது. 2020இல் அமெரிக்கா, ஹாங்காங் பொருட்களில் ‘சீனாவில் செய்தது’ என்று குறிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஹாங்காங் தன் சொந்தப் பெயரிலேயே முறையிட்டது, 2022 டிசம்பரில் விசாரணைக் குழு அதற்குச் சாதகமாக அறிக்கை கொடுத்தது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்பு இயங்காமல் கிடப்பதால் விஷயம் அப்படியே நிற்கிறது. தைவானும் 2002 முதல் நான்கு தீவுப் பெயர்களைக் கோத்த ஒரு ‘தனிச் சுங்கப் பிரதேச’மாகவே அங்கே உறுப்பினர்.

ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கத்தின் விதி வேறு. ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகிய நான்கும் இருக்கும் சங்கம் அது. அதன் உடன்படிக்கையின் 56ஆவது பிரிவு ‘எந்த நாடும்’ சேரலாம் என்கிறது. அவ்வளவுதான். ஃபாரோ அதில் சேர நீண்டகாலமாக ஆசைப்படுகிறது. அந்த ஒரு சொல் தடுக்கிறது.

இதில் எனக்கு மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. லிக்டன்ஸ்டைனின் மக்கள்தொகை சுமார் 40,000, ஃபாரோவைவிடக் குறைவு. 1923ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அது சுவிட்சர்லாந்தோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. அதன் எல்லையில் சுங்கம் பார்ப்பது சுவிஸ் அதிகாரிகள், புழங்கும் பணம் சுவிஸ் பிராங்க். அது 1991 முதல் அந்தச் சங்கத்தில் முழு உறுப்பினர், 1995 முதல் உலக வணிக அமைப்பிலும் உறுப்பினர். ஃபாரோவுக்குச் சொந்தச் சுங்கம் இருக்கிறது, சொந்த வரி இருக்கிறது, கூட்டமைப்புகளோடு பேரம் பேசிய அரை நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. இடம் இல்லை. வணிகத்தை நடத்தும் திறமையைக் கொண்டு இடம் கொடுப்பதாக இருந்தால் வரிசை தலைகீழாக இருந்திருக்கும்.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பகுதி ஒப்பந்தத்தை மீறினால் பொறுப்பு யாருக்கு என்பது நியாயமான கேள்வி. இதற்குச் சரியான உதாரணம் ஃபாரோ அல்ல, ஆலந்து. அதன் கதை நேர் எதிர்த் திசையில் போனது.

ஆலந்து பின்லாந்துக்குச் சொந்தமான, ஸ்வீடிஷ் பேசும் தீவுக்கூட்டம். சுமார் 30,000 பேர். 1921இல் ஐ.நா.வுக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கம் அதைப் பின்லாந்திடமே கொடுத்து, மொழிக்கும் தன்னாட்சிக்கும் உத்தரவாதம் வாங்கியது. ஆலந்தின் அதிகாரத்துக்குள் வரும் விஷயத்தைத் தொடும் சர்வதேச உடன்படிக்கை எதுவும் ஆலந்து நாடாளுமன்றம் சம்மதிக்காமல் அங்கே செல்லாது. 1994இல் பின்லாந்து ஒன்றியத்தில் சேருவதற்கு அக்டோபரில் வாக்கெடுப்பு நடத்தியது. ஆலந்து நவம்பரில் தனக்கென்று இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி, நிபந்தனைகளைப் பார்த்துவிட்டு, பெரும்பான்மையாக ஆம் என்றது. நிபந்தனைகள் சேர்க்கை உடன்படிக்கையின் இரண்டாவது நெறிமுறையில் இருக்கின்றன: ஆலந்தில் நிலம் வாங்குவதற்கும் தொழில் தொடங்குவதற்கும் வெளியாட்களுக்குக் கட்டுப்பாடு தொடரலாம், சுங்க ஒன்றியத்துக்குள் இருந்தாலும் மதிப்புக்கூட்டு வரி, கலால் வரி எல்லைக்கு ஆலந்து வெளியே.

இந்தக் கடைசி வரிதான் ஸ்டாக்ஹோமுக்கும் ஹெல்சிங்கிக்கும் இடையே ஓடும் பெரிய பயணிக் கப்பல்களை வாழவைக்கிறது. 1999 ஜூலையில் ஒன்றியத்துக்குள் வரியில்லா விற்பனை நின்றுபோனது. ஆலந்தைத் தொட்டுப் போனால் மட்டும் அந்தச் சலுகை உண்டு. அதனால் இரவுக் கப்பல்கள் ஆலந்தின் தலைநகர் மரீயாஹாம்னிலோ லோங்நேஸ் துறையிலோ வந்து ஒட்டுகின்றன. பயணிகள் கேபினில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கயிறு போட்டு, கொஞ்ச நேரம் நின்று, கயிறு அவிழ்த்துக் கிளம்பிவிடும். கப்பல் கடையில் விற்கும் பாட்டில்களுக்கும் சாக்லேட்டுக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் சட்ட ஆதாரம். இதற்கு விலையும் உண்டு. ஸ்வீடனிலிருந்தோ பின்லாந்தின் பெருநிலத்திலிருந்தோ ஆலந்து வரும் சரக்கு வரி எல்லையைத் தாண்டுகிறது. சொந்த நாட்டுக்குள்ளேயே வாங்கி விற்கும் சின்னக் கடைக்காரருக்குக்கூட அதற்கான காகித வேலை.

இப்போது பொறுப்புக்கு வருகிறேன். ஒன்றியம் வாயில் அடக்கும் புகையிலையான ஸ்னூஸைத் தடை செய்திருக்கிறது. ஸ்வீடனுக்கு மட்டும் விலக்கு. ஆலந்தில் ஸ்வீடிஷ் பழக்கம், ஸ்னூஸும் பழக்கம். இந்த விஷயத்தில் சட்டம் இயற்றும் அதிகாரம் ஆலந்து நாடாளுமன்றத்துக்கு இருந்தது, அது தடைச் சட்டம் இயற்றவில்லை. 2006 மே மாதம் ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது குற்றவாளி பின்லாந்து. தங்கள் உள்நாட்டுச் சட்டப்படி ஆலந்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற வாதம் அந்த மன்றத்தில் எடுபடாது. ஆலந்தோ அங்கே பிரதிவாதியாக நின்று தன் தரப்பைச் சொல்லவும் முடியாது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அதற்கென்று ஓர் உறுப்பினர் இருக்கையும் இல்லை. அதிகாரம் ஒருவரிடம், தண்டனை இன்னொருவருக்கு, பேச்சுரிமை தண்டனை பெறுபவருக்கு மட்டும். கூட்டமைப்புக்கு உள்ளே இருக்கும் தன்னாட்சிப் பகுதியின் உண்மையான நிலை இதுதான். ஹெல்சிங்கிக்காரர்களுக்கு வரும் எரிச்சலும் எனக்குப் புரிகிறது, மரீயாஹாம்னில் இருப்பவர்களின் ஆதங்கமும் புரிகிறது.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்த ஒரு பகுதியும் உண்டு, கிரீன்லாந்து. 1972 வாக்கெடுப்பில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் வேண்டாம் என்றும், தனி ஆட்சி இல்லாததால் டென்மார்க்கோடு சேர்த்து இழுத்துச் செல்லப்பட்டார்கள். 1979இல் உள்நாட்டு ஆட்சி கிடைத்தது. 1982இல் மறுபடி வாக்கெடுப்பு, சுமார் 53 விழுக்காடு வெளியேறச் சொன்னது. 1985 பிப்ரவரி 1 அன்று வெளியேறினார்கள். அதற்கு உறுப்பு நாடுகள் அனைத்தும் கையெழுத்திட்ட தனி உடன்படிக்கை தேவைப்பட்டது. இன்று ஒன்றியத்தின் ‘கடல்கடந்த பிரதேசம்’ என்ற அந்தஸ்து இருக்கிறது. அதன் கடலில் ஐரோப்பியப் படகுகள் மீன் பிடிக்க அனுமதி, பதிலுக்குப் பணமும் மீனுக்கு வரியில்லாச் சந்தையும்.

உள்நாட்டுச் சட்டத்துக்கு எவ்வளவு வலிமை வரலாம் என்பதற்கு 2016 அக்டோபரை நினைவுபடுத்துகிறேன். ஒன்றியமும் கனடாவும் ஏழு ஆண்டுகள் பேசி முடித்த ஒப்பந்தத்தை பெல்ஜியத்தின் வலோனியா என்ற பிராந்தியம் நிறுத்திவைத்தது. வலோனியாவுக்கு ஒன்றியத்தில் இருக்கை கிடையாது. ஆனால் பெல்ஜிய அரசமைப்பின்படி பிராந்தியங்கள் சம்மதிக்காமல் பெல்ஜியம் கையெழுத்திட முடியாது, பெல்ஜியம் இல்லாமல் ஒன்றியம் கையெழுத்திட முடியாது. சில நாட்கள் பேரம் நடந்து, விளக்க ஆவணங்கள் சேர்த்து, அக்டோபர் 30 அன்று கையெழுத்தானது. அடுத்த ஆண்டு ஒன்றிய நீதிமன்றம், வணிகத்தில் பெரும்பகுதி ஒன்றியத்தின் தனி அதிகாரம் என்று கருத்துச் சொல்லிவிட்டது. அதன்பின் முதலீட்டுத் தகராறுப் பகுதியைப் பிரித்து வைத்தே ஜப்பான், சிங்கப்பூர் ஒப்பந்தங்களை முடித்தார்கள். வலோனியாவின் பிடி அங்கே எட்டவில்லை.

கடைசியாக, ஃபாரோ உலக வணிக அமைப்பில் தனியாகச் சேரலாமே என்று கேட்பீர்கள். டோர்ஷவ்ன் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. சிக்கல் ‘முழுத் தன்னாட்சி’ என்ற சொற்களில் இருக்கிறது. முடியாட்சி ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் அமைப்புகளுக்குள் பேசி முடிக்கும் ஒப்பந்தங்களை 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஃபாரோவின் அதிகாரத்திலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. அந்த விலக்கு இருக்கும்வரை ‘முழு’ என்ற சொல்லை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது: நாடுகள் அல்லாதவற்றையும் சேர்த்துக்கொள்ளும் அமைப்புகளில் ஃபாரோ சேர விரும்பினால், டென்மார்க் அரசு அந்த விண்ணப்பத்தை முன்வைக்கலாம் அல்லது ஆதரிக்கலாம். சர்வதேசக் கடல்சார் அமைப்பிலும் யுனெஸ்கோவிலும் ஃபாரோ இணை உறுப்பினராக இருப்பதை நினைத்தால், டென்மார்க்குக்கு இது புதிய பழக்கமில்லை. ஆக, முதலில் திருத்த வேண்டியது கோபன்ஹேகனில் இருக்கும் அந்த விலக்கு. அதன் பிறகு உலக வணிக அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் ஒரு பணிக்குழு, ஒவ்வொரு உறுப்பினரோடும் வரிவிகிதப் பேச்சு, எல்லாருக்கும் மீன் மேல் ஒரு கண். ஆண்டுக்கணக்கில் ஆகும். ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கத்தின் கதவுக்கு அதுவும் உதவாது, அங்கே இருக்கும் நான்கு நாடுகளும் சேர்ந்து ‘நாடு’ என்ற சொல்லை மாற்றினால்தான் உண்டு.